விண்ட்சர்ஃபிங் பலகைக்கு, அதாவது பாய் கட்டித் தண்ணீர் மேல் நின்று ஓட்டும் பலகைக்கு, எந்த ஃபின் (அடியில் பின்பக்கம் மாட்டும் மெல்லிய தகடு) வாங்கலாம்? நைலான், ஜி-10, கார்பன் என்று பொருள் மாறினால் ஓட்டத்தில் என்ன மாறும்?

கேட்டவர் 75 கிலோ எடை, 7 சதுர மீட்டர் பாய், பழையதாக வாங்கிய 120 லிட்டர் கன அளவுள்ள பலகை என்று விவரம் தந்திருக்கிறார். கூடவே வந்த நைலான் ஃபின்னைக் கழற்றிவிட்டு நேராகக் கார்பனுக்குப் போகலாமா என்கிறார். வேண்டாம். ஜி-10 வாங்குங்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்றால், வேலூர்க்காரன். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பிவிட்டார். பாலாற்றுக்குத்தான் தண்ணீர் வந்தபாடில்லை. அதனால் பலகையைக் கார் மேல் கட்டிக்கொண்டு சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் வரை போகிறேன். பிழைப்பு ராணிப்பேட்டை சிப்காட்டில், எபாக்ஸி கண்ணாடியிழைத் தகடு வெட்டும் பட்டறையில். சுவிட்ச் போர்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மின்காப்புத் துண்டுகள் வெட்டிக் கொடுக்கிறோம். கடற்கரையில் ஏதோ அதிசயப் பொருள்போல ஜி-10, ஜி-10 என்றார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் நான் தினமும் அறுக்கும் அதே தகடு.

ஃபின் என்ன வேலை செய்கிறது என்பது புரிந்தால் பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. பாய் பலகையைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். ஃபின் நீருக்குள் சின்னக் கோணத்தில் சாய்ந்து ஓடி, விமான இறக்கை மேலே தூக்குவதுபோல், காற்று வரும் பக்கமாகப் பலகையைத் தாங்கிப் பிடிக்கும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் கால்வாசிப் பரப்பே அதே விசையைத் தந்துவிடும். பலத்த காற்றில் சின்னப் பாயோடு சின்ன ஃபின் மாட்டுவது இதனால்தான். உங்கள் பாய்க்கு 38 முதல் 42 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். அளவு தவறினால் எந்தப் பொருளும் காப்பாற்றாது.

இனி பொருள். ஓடும்போது ஃபின்னின் நுனி காற்று வரும் பக்கமாக வளைகிறது. வளைந்த பகுதியின் விசையில் ஒரு பங்கு மேல்நோக்கித் திரும்பிப் பலகையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். பின்னோக்கிச் சரிந்த ஃபின் என்றால் வளையும்போதே நுனி முறுக்கிக்கொண்டு தன் கோணத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீர்க் காற்று அறையும்போது அதிகப்படி விசையை வெளியே விட்டுவிடும். வளைவும் முறுக்கும் எவ்வளவு, எங்கே என்பதுதான் பொருள் தீர்மானிக்கும் விஷயம்.

நைலான் இரண்டிலும் கட்டுப்பாடு இல்லாதது. காலை ஊன்றினால் குழைகிறது, விசை வந்து சேர நேரமாகிறது. என் முதல் ஃபின் நைலான். மே மாதத்தில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, மேலே ஒரு பையை வைத்து, காட்பாடியில் ஒரு பகல் முழுக்க வெயிலில் விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் வாழைப்பழம்போல வளைந்து கிடந்தது. எங்கள் ஊர் வெயில் அப்படி!

கார்பனில் இழைகளை எந்தத் திசையில் அடுக்குவது என்பதைச் செய்பவரே முடிவுசெய்யலாம். நீளவாக்கில் அடுக்கினால் வளைவு குறையும், சாய்வாக அடுக்கினால் முறுக்கு குறையும். பந்தயக்காரர்களுக்கு இது பொக்கிஷம். விறைப்பான ஃபின் உடனே பதில் சொல்லும். காற்றை எதிர்த்து ஏறும்போது நன்றாகப் பிடிக்கும். ஆனால் கோவளத்தின் சின்னச் சின்னக் குத்து அலைகளில் உங்கள் காலில் நடக்கும் ஒவ்வொரு தவறையும் அது அப்படியே பலகைக்குக் கொண்டுபோகும். மணல்திட்டில் முட்டினால் விளிம்பு பிளந்துவிடவும் கூடும்.

ஜி-10 இரண்டுக்கும் நடுவில். கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் அழுத்தி எடுத்த தகடு. அதைக் கணினி இயந்திரத்தில் கடைந்து ஃபின் ஆக்குகிறார்கள். கடையும்போது அடுக்குகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, மலை வரைபடத்தில் உயரக் கோடுகள் தெரிவதுபோல மேற்பரப்பில் வரிகள் தெரியும். கடையில் யாரும் சொல்லித்தராத ஒரு சோதனை இது: இரு பக்கத்து வரிகளையும் ஒப்பிடுங்கள். ஒரே வடிவில் இருந்தால் கடைசல் சரி. ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனால் அந்த ஃபின் ஒரு திசையில் ஓடுவதுபோல மறுதிசையில் ஓடாது. பழைய ஃபின் வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தலைப்பகுதியையும் பாருங்கள். பவர் பாக்ஸ், டட்டில், டீப் டட்டில் என்று பலகைக்குப் பலகை, அந்தத் தலை செருகும் பெட்டி மாறும்; ஒன்றுக்கானது மற்றதில் பெரும்பாலும் உட்காராது.

ஜி-10இல் எனக்கு மிகவும் பிடித்தது, நாமே சரிசெய்யலாம் என்பது. முன்விளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்தாலும் அந்த இடத்தில் நீரோட்டம் பிரிந்து, மேலிருந்து காற்று உள்ளே இறங்கி, ஃபின் பிடியை விடும். பின்பக்கம் சடாரென்று நழுவும். ஸ்பின்-அவுட் என்பார்கள். பள்ளத்தை எபாக்ஸி வைத்து நிரப்பி, காய்ந்ததும் 400, பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்தால் போதும். முன்விளிம்பைக் கத்திபோல் கூராக்காதீர்கள், அது உருண்டே இருக்கவேண்டும். ஃபின் ஓடும்போது ரீங்காரம் போட்டால் பெரும்பாலும் பின்விளிம்பு மழுங்கியிருக்கும். அதை மட்டும் மெலிதாக்குங்கள்.

உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள், முகக்கவசம் இல்லாமலும் வேண்டாம். கண்ணாடித் தூள் கையில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். எங்கள் பட்டறை வைத்தியம்: சொறியாமல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம்.