அதிகம் பேர் அறியாத, நீங்கள் ரசித்துச் சாப்பிட்ட இனிப்புச் செர்ரி ரகம் எது?

ராயல் ஆன். ஐரோப்பாவில் இதற்கு நெப்போலியன் என்று பெயர். கறுஞ்சிவப்புச் செர்ரிகளுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் பாதிப் பேர் காய் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நகரப் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஜூலை முதல் வாரம், அக்கா குடும்பத்தோடு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஒரு செர்ரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நாமே பறித்து, எடை போட்டுக் காசு கொடுக்கிற தோட்டம். வாளியை வாங்கியதும் வந்தவர்கள் எல்லாரும் பிங் மரங்களைத் தேடித்தான் போனார்கள். கடையில் பார்க்கிற அந்தக் கறுஞ்சிவப்புப் பழம்தான் பிங். வரிசை முடிகிற இடத்தில் மூன்று வயதான மரங்கள் நின்றன. கிளை தாழும் அளவுக்குக் காய்ப்பு. ஆனால் அடியில் ஓர் ஏணிகூட இல்லை. பழம் எல்லாம் வெளிர் மஞ்சள். வெயில் பட்ட கன்னத்தில் மட்டும் சிவப்பு படர்ந்திருந்தது. பார்த்தால் செங்காய் போலவே இருந்தது.

“சித்தி, அது இன்னும் பழுக்கல, பறிக்காதீங்க” என்றாள் அக்கா மகள். சரி என்று திரும்பினேன். அந்தப் பக்கமாக வந்த தோட்டக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு கொத்தைப் பறித்து எங்கள் இருவர் கையிலும் பாதிப் பாதியாக வைத்தார்.

கடித்ததும் தோல் மெல்ல ‘நறுக்’ என்றது. உள்ளே சதை கெட்டி, குழையவில்லை. முதலில் வந்தது தேன் மாதிரி சுத்தமான இனிப்பு. அது அடங்கும்போது தோலிலிருந்து ஒரு துளி புளிப்பு. கொட்டையை ஒட்டிய சதையில் லேசான பாதாம் மணம். கறுப்புச் செர்ரியில் நாக்கைப் பிடிக்கிற ஒரு துவர்ப்பும் கனமும் இருக்குமே, அது இதில் இல்லை. பாதி கடித்த பழத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெண்ணெய் நிறச் சதை, அதில் நூல் நூலாக நரம்புகள், நடுவில் கொட்டை நிழலாகத் தெரிந்தது. சாற்றுக்கு நிறமே கிடையாது. அக்கா மகளின் வெள்ளைச் சட்டையில் பிங் சாறு ஏற்கெனவே ஊதாப் பொட்டு வைத்திருந்தது. அதன் பக்கத்திலேயே சொட்டிய இந்தச் சாறு காய்ந்த பிறகு இடம்கூடத் தெரியவில்லை.

சிவந்தால்தான் பழம் என்று கண் பழகிவிட்டது. ஆனால் செர்ரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி கொடுப்பது. இனிப்பைக் கொடுப்பது சர்க்கரை. ராயல் ஆன் மாதிரி ரகங்களில் அந்த நிறமி வெயில் படும் தோலில் மட்டும் கொஞ்சம் உருவாகும், சதையில் சேராது. ஆகவே இந்தப் பழத்தில் சிவப்பைப் பார்த்துப் பறித்தால் ஏமாறுவோம். சிவப்பு எவ்வளவு வெயில் பட்டது என்றுதான் சொல்லும். பழத்தைத் திருப்பி, நிழல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சைச் சாயல் இருந்தால் விட்டுவிடுங்கள்; தேன் மஞ்சளாக மாறியிருந்தால் பறிக்கலாம். செர்ரி பறித்த பின் இனிப்புக் கூடாத பழம், வீட்டில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. அதனால் மரத்தடியில் செலவழிக்கிற அந்த ஒரு நிமிடம் முக்கியம்.

பறிக்கும்போது காம்பைப் பிடித்து மேல்நோக்கித் திருகச் சொன்னார் அந்த அம்மா. காம்பு கிளையில் ஒட்டும் இடத்தில் குட்டையாக, கணுக்கணுவாக ஒரு முடிச்சு இருக்கிறது. அடுத்த வருடப் பூவும் அதே முடிச்சிலிருந்துதான் வரும், அது பல வருடம் காய்க்கும். இழுத்துப் பிய்த்தால் அதுவும் கையோடு வந்துவிடும்.

இவ்வளவு நல்ல பழம் ஏன் கடையில் கண்ணில் படுவதில்லை? அதற்கும் பதில் அந்த வாளிக்குள்ளேயே கிடைத்தது. நான் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்திப் பிடித்த ஒரு பழத்தில், எடை போடும் இடத்துக்கு வருவதற்குள் விரல் பதிந்த இடம் பழுப்பாகிவிட்டது. பிங்கிலும் அடிபடும், ஆனால் அந்தக் கறுப்பில் தெரியாது. இதில் ஒவ்வொரு இடியும் காட்டிக்கொடுத்துவிடும். லாரி ஏறி நெடுந்தூரம் போய்க் கடைத் தட்டில் அழகாக உட்காருகிற பழம் இல்லை இது.

அதனால் இதன் பெரும்பகுதி வேறு வழியில் போனது. கேக் மேலும் ஐஸ்கிரீம் மேலும் பளபளவென்று சிவப்பாக ஒரு செர்ரி வைப்பார்களே, மராஸ்கினோ, அதற்குப் பெயர்போன மூலப்பொருள் ராயல் ஆன்தான். 1920களில் ஆரிகன் வேளாண் கல்லூரியில் எர்னஸ்ட் வீகண்ட் என்ற பேராசிரியர், சாராயம் இல்லாமல் கால்சியம் உப்பு சேர்த்த கரைசலில் பழத்தை மொறுமொறுப்புக் குறையாமல் பதப்படுத்தும் முறையை ஆராய்ந்து உருவாக்கினார். அந்தக் கரைசலில் பழம் இருக்கிற கொஞ்ச நிறத்தையும் இழந்து வெளுத்துப்போகும். பிறகு சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் ஏற்றுவார்கள். வீகண்ட் செய்தது பெரிய வேலை, அந்தப் பகுதி விவசாயிகளை அது வாழவைத்தது. ஆனாலும் மரத்தடியில் அந்த ருசியைப் பார்த்த பிறகு, மராஸ்கினோவை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. பழமாகவே சாப்பிட வேண்டியது அது.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1847ல் ஹெண்டர்சன் லூவெலிங் என்பவர் அயோவாவிலிருந்து ஆரிகனுக்கு, மாட்டு வண்டியில் மண் நிரப்பிய பெட்டிகளில் சுமார் 700 கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை, வழி நெடுக அத்தனைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. ஏறக்குறைய பாதி பிழைத்தன. வழியில் இந்தச் செர்ரியின் பெயர்ச் சீட்டு தொலைந்துபோக, வந்த இடத்தில் ராயல் ஆன் என்று புதுப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். பிங்கும் இதே குடும்பத்துத் தோட்டத்தில் பிறந்ததுதான். ஹெண்டர்சனின் தம்பி சேத் லூவெலிங் 1875ல் ஆரிகனில் உள்ள மில்வாக்கி என்ற ஊரில் அதைத் தேர்ந்தெடுத்து, தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஆ பிங் என்ற சீனரின் பெயரை வைத்தார். அப்புறம், ஜப்பானில் யாமகாட்டா பகுதியில் கொண்டாடுகிறார்களே சாட்டோ நிஷிகி, அதற்கும் பெற்றோரில் ஒன்று இந்த நெப்போலியன்தான்.

மரம் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இது தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. பக்கத்தில் பிங்கையோ லாம்பெர்ட் என்ற ரகத்தையோ வைத்தாலும் பயனில்லை, மூன்றும் ஒரே மகரந்தக் குழு; ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைக் காய்க்க வைக்காது. வேன் (Van) என்ற செர்ரியைப் போல வேறு குழு ரகம் ஒன்று துணைக்கு வேண்டும். குளிர்காலத்தில் நன்றாகக் குளிர் விழும் இடமாகவும் இருக்க வேண்டும்.

ராயல் ஆன் கிடைக்கவே இல்லை என்றால் ரெய்னியர் வாங்கிப் பாருங்கள். 1952ல் வாஷிங்டன் மாநிலத்தில் பிங்கையும் வேனையும் கலந்து உருவாக்கிய ரகம், இதே மஞ்சளும் சிவப்பும். கொஞ்சம் பெரிது, புளிப்பு இன்னும் குறைவு. என் நாக்குக்கு ராயல் ஆனில் கடைசியில் வரும் அந்தத் துளிப் புளிப்புதான் பிடித்திருக்கிறது. எதுவானாலும் காம்பு பச்சையாக இருப்பதைப் பார்த்து எடுங்கள், காம்போடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், சாப்பிடுவதற்கு முன் மட்டும் கழுவுங்கள். எடுத்ததும் வாயில் போடாமல் பத்து நிமிடம் வெளியே வைத்தால் அந்தப் பாதாம் மணம் மேலெழுந்து வரும்.