நகை திரும்பிவிட்டது, ஐசி படம் மட்டும் ஏன் இன்னும் இருக்கிறது?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாண நகை, பரதநாட்டிய நகை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் ஆப்ஷீட்டில் (நிரல் எழுதாமல் ஆப் செய்ய உதவும் கூகுள் கருவி); அக்கா மகன் செய்து கொடுத்தது, அடியில் இருப்பது கூகுள் ஷீட். நகை எடுப்பவர்களிடம் முன்பணம் வாங்கி, ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணை எழுதிக்கொண்டு, ஐசியையும் போனில் படம் பிடித்து அதிலேயே ஏற்றுகிறோம். இரண்டரை வருடப் பதிவுகள் சேர்ந்துவிட்டன. நகை திரும்பி 30 நாளானதும் பதிவு தானாக அழிய வேண்டும். ஓர் ஏஜெண்டு இதற்கு ‘ஆட்டோ டிலீட் மாடியூல்’ என்று 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்கப் பார்ப்பது ஆப்ஷீட்டிலேயே இருக்கும் வசதி. ஆட்டோமேஷன் பகுதியில் ஒரு பாட் (சொன்ன வேலையைத் தானாகச் செய்வது) அமைத்து, தினமும் இன்ன நேரத்துக்கு ஓடு, ஷீட்டின் ஒவ்வொரு வரியாகப் பார், திரும்பிய தேதி 30 நாளைத் தாண்டியிருந்தால் அழி என்று சொல்லிவிடலாம். அக்கா மகனுக்கு ஒரு மாலை வேலை. ஆனால் ஆப்பை டிப்ளாய் செய்திருக்க வேண்டும், அதாவது முறையாகப் பயன்பாட்டுக்கு விட்டிருக்க வேண்டும். சோதனை நிலையிலேயே விட்டிருந்தால் பாட் தானாக ஓடாது. டிப்ளாய் செய்யக் கட்டணத் திட்டம் தேவைப்படும். கடைக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் சந்தா கட்டுகிறீர்களா? அதன் பெரும்பாலான திட்டங்களில் ஆப்ஷீட் கோர் என்ற கட்டணத் திட்டம் சேர்ந்தே வரும், தனியாக வாங்க வேண்டாம்.

ஆனால் ஷீட்டின் முழு வரியையும் அழிப்பது எனக்குச் சம்மதமில்லை. வாடகை வாங்கிய கணக்கை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டம். தனிநபர் தகவலைத் தேவை முடிந்த பின் வைத்திருக்காதே என்கிறது 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 10வது பிரிவு. இந்தச் சட்டத்தின் கொள்கைகளை மீறினால் அபராதம் 3 லட்சம் வெள்ளி வரை என்றிருந்ததை 2024 திருத்தம் 10 லட்சம் ஆக்கிவிட்டது. நீங்கள் இரண்டு சரக்கையும் ஒரே வரியில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதனால் பாட் வரியை அழிக்க வேண்டாம். ஐசி எண், ஐசி படம் இரண்டு கட்டங்களை மட்டும் காலி செய்யட்டும். பெயர், தொகை, தேதி இருக்கட்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஷீட்டின் கட்டத்தில் இருப்பது படம் அல்ல, படக் கோப்பின் பெயர்தான். படம் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. கட்டத்தைக் காலி செய்தாலும், வரியையே அழித்தாலும், அது அங்கேயே இருக்கும். ஏஜெண்டிடம் இதை மட்டும் கேளுங்கள்: “டிரைவில் உள்ள படமும் போகுமா?” அவர் முழித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுளில் ஓடும் சிறு நிரல்) எழுதி அதையும் அகற்றித் தருகிறேன் என்றால் அது நியாயமான வேலை. அதற்கும் 1,800 அதிகம் என்பது என் எண்ணம். டிரைவ் குப்பைத்தொட்டியில் படம் இன்னும் 30 நாள் தங்கும். அழித்த ஐசி எண்ணும் ஷீட்டின் பழைய பதிப்பு வரலாற்றில் தெரியும், ஆகவே ஷீட்டைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு என்று பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் பாட் எதையும் அழிக்க வேண்டாம். தனிக் கட்டத்தில் ‘அழிக்கலாம்’ என்று மட்டும் எழுதட்டும். நீங்கள் கண்ணால் பாருங்கள். நகை இன்னும் வராதவர்களின் திரும்பிய தேதி காலியாகத்தானே இருக்கும்? அவர்களை ஒதுக்க நிபந்தனையில் தனியாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாருடைய ஐசி உங்களுக்குத் தேவையோ அதுவே போய்விடக்கூடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். முன்பணம் வாங்குகிறீர்கள், ஐசி எண்ணும் எழுதிக்கொள்கிறீர்கள், பிறகு படம் எதற்கு? இனிமேல் எடுப்பதையே நிறுத்தலாம். பழைய படங்களுக்கு பாட்டும் வேண்டாம், ஏஜெண்டும் வேண்டாம். டிரைவ் ஃபோல்டரைத் திறந்து, நகை திரும்பியவர்களின் படங்களைத் தேர்ந்து அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.