பன்னிரண்டு மணிக்குள் மயிலாப்பூர்

வாசகர் கேள்வி – பதில்

மயிலாப்பூரையும் அதன் அக்கம்பக்கத்தையும் சுற்றிப் பார்க்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: காலை ஆறரைக்கு எழும்பூரில் இறங்கி, அன்றிரவே அங்கிருந்து ரயிலேற வேண்டும். இடையில் மயிலாப்பூர் பார்க்க ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் போதுமா?
– வாசகி, தென்காசி

ப: ஒரு நாள் தாராளம். மயிலாப்பூரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை, நேரம்தான் காலை வாரும். கபாலீஸ்வரர் கோயில் (பேச்சில் கபாலி கோயில்) நண்பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 மணி ஆகும். ராமகிருஷ்ண மடமும் மதியம் மூடிவிடும். குளித்து, டிபன் முடித்து, பதினொன்றரைக்கு வந்திறங்கும் குடும்பங்கள் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வெயிலில் நிற்பது இங்கே தினசரிக் காட்சி.

முதலில் பை. எழும்பூர் க்ளோக் ரூமில் பூட்டுப் போடாத பையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள். ஊரிலிருந்தே ஆளுக்கொரு சின்னப் பூட்டு கொண்டுவந்துவிடுங்கள். ஜிப் இல்லாத கட்டைப்பை, துணிப்பை எதுவும் அங்கே செல்லாது.

தனியாக வருபவர் என்றால் மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயிலைத்தான் சொல்வோம். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பார்க்கில் இறங்கி, பக்கத்திலேயே உள்ள பார்க் டவுனுக்கு நடந்து, வேளச்சேரி வண்டி பிடித்தால் மயிலாப்பூருக்கான ஸ்டேஷன் திருமயிலை. ஆனால் அந்த ஸ்டேஷன் பிளாட்பாரம் பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே, நல்ல உயரத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் ஓடும் என்று நம்பி முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போகாதீர்கள். உங்களுக்கு ஆட்டோதான் சரி. 'கபாலி கோயில்' என்று மட்டும் சொன்னால் நெரிசலான பக்கமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 'மயிலாப்பூர் டேங்க்' என்று சொல்லுங்கள், குளத்தோரம் இறங்கலாம். லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலைகளை மாற்றி விட்டிருப்பதால், ஆட்டோ சுற்றிப் போனால் உடனே ஏமாற்று என்று எண்ண வேண்டாம்.

காலை 8 மணிக்குக் கோயிலுக்குள் இருந்தால் ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடலாம். வெயில் ஏறினால் கருங்கல் தளம் காலைச் சுடும், அதற்கும் இந்த நேரம் நல்லது. பிறகு கோயிலையும் குளத்தையும் சுற்றியுள்ள மாட வீதிகளில் ஒரு சுற்று. அப்பா நடக்க முடியாது என்றால் குளத்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் சுற்றிவாருங்கள். பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. கழிப்பறையையும் ஹோட்டலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேட வேண்டாம்.

நடுப்பகல் வெயிலுக்கு சாந்தோம் பேராலயம். கச்சேரி ரோட்டில் நேரே கிழக்கே போனால் ஒன்றரை கிலோமீட்டர். கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்திலும் இங்கே போகலாம். உள்ளே உயரமான கூரை, குளுமை. இப்போதுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1896இல் எழுந்தது. புனித தோமா கல்லறைக்குத் தனி வழி, படி இறங்க வேண்டும். அப்பா மேலேயே இருக்கட்டும்.

மாலை 4 மணிக்கு மேல் ராமகிருஷ்ண மடம். 2000இல் திறந்த பெரிய கோயிலும் அதன் முன்னால் உள்ள திறந்த வெளியும் வயதானவர்களுக்குத் தோதானவை. அந்தி ஆரத்தி பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோ ஏறினால் எழும்பூர். போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

கே: கபாலீஸ்வரர் கோயிலில் பெரிய கோபுர வாசலில் நுழைந்தால் சுவாமி எதிரே இல்லை. தவறான வாசலா?
– வாசகர், தாராபுரம்

ப: வாசல் சரிதான். பெரிய கோபுரம் கிழக்கே இருக்கிறது, சுவாமி மேற்கே குளத்தைப் பார்த்திருக்கிறார். அதனால் கிழக்கே நுழைகிறவருக்குக் கருவறையின் பின்புறம்தான் முதலில் அமையும். எதிரே தெரிவது நர்த்தன விநாயகர். அவரைக் கும்பிட்டு இடப்பக்கம் திரும்பிப் பிரகாரம் சுற்றினால் மேற்குப் பக்கம் கொடிமரம் வரும், அங்கிருந்து உள்ளே போங்கள். கற்பகாம்பாள் தெற்கு நோக்கி நிற்கிறாள். நேரம் குறைவு என்றால் குளத்துப் பக்க மேற்கு வாசலிலேயே நுழையலாம், சுற்று மிச்சம்.

அவசரத்தில் எல்லோரும் விடுவது வெளிப் பிரகாரத்திலுள்ள புன்னை மரத்தை. அம்பாள் மயிலாக வந்து பூசித்த தலம் என்பதற்கு அடையாளமாக அந்த மரத்தடிச் சன்னதியில் ஒரு மயில் சிலை, லிங்கத்துக்குப் பூச்சொரியும் கோலத்தில் இருக்கும். ஊருக்குப் பெயர் வந்த கதையே அதுதான், ஆனால் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

பிரதோஷ நாளில் மாலை நாலரை முதல் ஆறு வரை நெரிசல் கழுத்தை நெரிக்கும். விழாவைப் பார்க்க என்றால் அன்றே வாருங்கள். சாமியைப் பார்க்க என்றால் வேறு நாள்.

கே: 7ஆம் நூற்றாண்டுக் கோயில் என்று ஒருவர், 300, 400 ஆண்டுதான் என்று இன்னொருவர். எது சரி?
– வாசகர், சிதம்பரம்

ப: இரண்டும். சம்பந்தர் பாடியதால் தலம் 7ஆம் நூற்றாண்டுக்கும் முந்தியது. ஆனால் அவர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. அலை உலாவும் மயிலை என்று பதிகமே சொல்கிறது. இன்றைய கோயிலின் படியில் நின்றால் அலை தெரியாது. கடற்கரை போர்த்துகீசியர் கைக்குப் போன 16ஆம் நூற்றாண்டில் பழைய கோயில் அழிந்து, இப்போதுள்ள இடத்தில் புதிதாக எழுந்தது. பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைத்திருக்கின்றன. கிழக்குக் கோபுரம் இன்னும் புதியது, 1906.

கே: அறுபத்து மூவர் பார்க்க எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே நிற்பது?
– வாசகி, விழுப்புரம்

ப: 63 நாயன்மார்களின் வீதி உலாவான இது, கபாலி கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். பத்திரிகையில் தேர் என்று போட்டிருக்கும் தேதி ஏழாம் நாள் காலை, அதற்கு மறுநாள் இது. ஒவ்வோர் ஆண்டும் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கூட்டம் ஒரு நாள் முன்பே வந்துவிடுகிறது.

எட்டாம் நாள் முற்பகலில் குளக்கரையில் பூம்பாவையை உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி. பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் சாம்பலும் எலும்பும் வைத்த குடத்தின் முன் சம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பியதாகக் கதை. அந்தப் பதிகமே ஒரு விழாக் காலண்டர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அடுக்கி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கும். இந்தப் பூம்பாவை நிகழ்ச்சிக்குக் கூட்டம் ஓரளவுதான், முடிந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

பிற்பகல் 3 மணி வாக்கில் கபாலி முன்னே வர, நாயன்மார்கள் சின்னச் சின்னப் பல்லக்குகளில் மாட வீதி சுற்றுகிறார்கள். 2 மணிக்கு முன் இடம் பிடிக்க வேண்டும். வீதியின் நடுப்பகுதியை விட மூலைகளில் பல்லக்குகள் நின்று திரும்புவதால் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் நெருக்கித் தள்ளுவதும் மூலையில்தான். கைக்குழந்தை, வயதானவர் இருந்தால் மூலை வேண்டாம்.

வாகனங்களை வெகுதூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ரயிலில் வந்தால் திருமயிலையில் எல்லோரும் இறங்குவார்கள். நீங்கள் மந்தைவெளியில் இறங்கித் தெற்கிலிருந்து நடந்து வாருங்கள், அல்லது முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன். பசியைப் பற்றிக் கவலை வேண்டாம். நீர்மோர், சுண்டல், சாத வகைகள் என்று தெருவெங்கும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலும், தட்டு மிச்சத்தைப் போட ஒரு பையும் போதும். கழுத்துச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

நெரிசல் ஆகாது என்பவர்களுக்கு மூன்றாம் நாள் விடியற்காலை, கபாலி அதிகார நந்தி வாகனத்தில் வரும் உலா. எங்களைக் கேட்டால் பத்து நாளில் அதுதான் அழகு.

கே: கொலு பொம்மை வாங்க வடக்கு மாட வீதிக்குத்தான் வர வேண்டுமா? போன வருடம் வாங்கியதில் இரண்டு வீட்டுக்கு வருவதற்குள் உடைந்துவிட்டன.
– வாசகி, காஞ்சிபுரம்

ப: மண் பொம்மைக்கு விளாச்சேரி, பண்ருட்டி, சென்னைக்குள்ளேயே கொசப்பேட்டை என்று செய்கிற இடங்களே உண்டு. உங்கள் ஊரிலும் செய்கிறார்கள். எல்லா ஊர்ச் சரக்கையும் ஒரே தெருவில் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால் மயிலாப்பூர். நவராத்திரிக்கு முந்தைய இரண்டு வாரம் கடைகள் நிறைந்திருக்கும். கடைசி மூன்று நாளில் விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் செட் பொம்மைகளில் ஒன்றிரண்டு குறைந்து போயிருக்கும்.

வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பெயின்ட் இருக்காது. செங்கல் நிறம் என்றால் சுட்ட மண். வெள்ளையாக இருந்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கையில் எடுத்தால் கனமே இல்லாமல், தட்டினால் சத்தம் அமுங்கினால் காகிதக் கூழ். தூரப் பயணத்துக்குக் காகிதக் கூழ்தான் நல்லது, ஆனால் பரணில் ஈரம் படக் கூடாது. மண் பொம்மையை நகத்தால் சுண்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்தால் சரி, 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். கழுத்தைச் சுற்றியோ மணிக்கட்டிலோ பெயின்ட் மட்டும் வளையமாகத் தடித்திருந்தால், உடைந்ததை ஒட்டிப் பூசியிருக்கிறார்கள்.

தசாவதாரம் வாங்கினால் எண்ணிக்கை மட்டும் பத்து இருந்தால் போதாது. மூன்று ராமர்களையும் சரிபாருங்கள். பரசுராமன் கையில் மழு, ராமன் கையில் வில், பலராமன் தோளில் கலப்பை. கூட்ட நேரத்தில் பலராமனுக்குப் பதில் இன்னொரு ராமனைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய் படியில் அடுக்கும்போதுதான் தெரியும்.

உங்கள் பொம்மைகள் உடைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கட்டிய விதம்தான். நிற்க வைத்துக் கட்டினால் வேல், கை, காது மூன்றும் முதலில் போகும். தலையையும் கையையும் பழைய பருத்தித் துணியால் தனியாகச் சுற்றி, பிறகு வைக்கோல், பிறகு பெட்டி, படுக்கை வசத்தில். பெயின்ட் வாடை இன்னும் அடிக்கிற புது பொம்மையை நேரடியாக நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள், எழுத்து முதுகில் அச்சாகிவிடும்.

கே: டிசம்பரில் சபா கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

ப: பெரும்பாலான சபாக்களில் வேண்டியதில்லை. இலைச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணிக்கே போய்விடுங்கள். பன்னிரண்டரைக்கு மேல் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். கச்சேரியும் கேட்கலாம், பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. நாளைய பெரிய வித்வான்கள் பாடுவது அந்த நேரத்தில்தான். விடியற்காலையில் எழ முடிந்தால், பாபநாசம் சிவன் தொடங்கிவைத்த மார்கழி பஜனை மாட வீதி சுற்றி வரும். அதற்கு டிக்கெட்டும் இல்லை, கேன்டீனும் இல்லை, பனி உண்டு. கழுத்துக்கு ஒரு துண்டு சுற்றிக்கொள்ளுங்கள்.

கே: சாப்பிட எங்கே?
– வாசகர், ஓசூர்

ப: அருண்டேல் தெரு ராயர் மெஸ்: இடம் சின்னது, காலையிலும் பிற்பகலிலும் டிபன் மட்டும். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடை: ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம், நின்றுதான் சாப்பிட வேண்டும், சில்லறை கொண்டுபோங்கள். வெயிலுக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க்.

கே: லஸ்ஸில் 'காட்டுக் கோயில்' என்று ஒன்று உண்டாமே, எந்தச் சாமி?
– வாசகர், பெரம்பலூர்

ப: மாதா. லஸ் சர்ச்சுக்குத்தான் அந்தப் பெயர், அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு. கல்வெட்டில் 1516 என்றிருக்கிறது. 'லஸ்' என்றால் போர்த்துகீசிய மொழியில் ஒளி. கடலில் திசை தெரியாமல் தவித்தவர்களுக்கு வழிகாட்டிய வெளிச்சம் என்று கதை. சர்ச் சின்னது, பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்துக்கு லஸ் சர்ச் ரோடு நாகேஸ்வர ராவ் பூங்கா.

கே: மெரினா கலங்கரை விளக்கத்தில் குழந்தைகளை ஏற்றிச் செல்ல முடியுமா?
– வாசகி, ஆவடி

ப: முடியும், லிஃப்ட் இருக்கிறது. இந்தியாவில் லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கங்கள் சொற்பம். இது 1977இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றத்தின் குவிமாடத்தில். திங்கட்கிழமை விடுமுறை, மதியமும் மூடுவார்கள். ஞாயிறு மாலை லிஃப்ட் வரிசையே குழந்தையை அழவைத்துவிடும், வேறு நாள் காலை போங்கள். மேலே மாடத்தில் காற்று பலமாக அடிக்கும், தொப்பியையும் செல்போனையும் பையில் போட்டுவிட்டு ஏறுங்கள்.