தம்பி வேண்டாம் என்கிறான், அண்ணன் என்ன செய்வது?

கேள்வி: வாய்த்தகராறில் ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்ததில் என் தம்பிக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. தண்ணீர்க் குவளையை எடுக்கக்கூடத் தடுமாறுகிறான். அடித்தவன் ஜாமீனில் வந்துவிட்டான். அவன் எங்கே நிற்கிறான் என்று நண்பர்கள் தினமும் செல்பேசியில் படம் அனுப்புகிறார்கள். தம்பியோ, ‘அவனை ஒன்றும் செய்யாதே அண்ணா’ என்கிறான். அடித்தவனுடைய தாய் வாசலில் வந்து அழுதபோது கதவைச் சாத்திவிட்டேன். சும்மா இருந்தால் கோழை என்கிறார்கள். பழிவாங்குவதா, விட்டுவிடுவதா?

பதில்: தம்பியின் தடுமாற்றத்தை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால், வழி இரண்டே என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. இரக்கம் காட்டுவது வழக்கைக் கைவிடுவதாகாது. சாட்சி சொல்லுங்கள், மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள், இழப்பீடு கேளுங்கள். இவற்றில் எதுவும் பழிவாங்கல் அல்ல.

வங்கதேசத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ரைஸ் புய்யான், 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த சில நாள்களில், டல்லாஸ் நகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலையில் இருந்தபோது, மார்க் ஸ்ட்ரோமன் என்பவரால் முகத்தில் சுடப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதே வெறியில் வேறு இருவரைக் கொன்றிருந்த ஸ்ட்ரோமனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை நிறைவேற்றக் கூடாது என்று பின்னாளில் நீதிமன்றம் வரை போனவர் புய்யானேதான். 2011 ஜூலை 20 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. ஆகவே கருணை வென்ற கதையாக இதைச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டது விடுதலையை அல்ல, உயிரைப் பறிக்க வேண்டாம் என்பதை மட்டுமே. அந்த மனநிலைக்கு வந்துசேர அவருக்கே ஆண்டுகள் பிடித்தன என்பதால், இன்றே மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்லப்போனால், மன்னிப்பதோ மறுப்பதோ உங்கள் தம்பியின் உரிமை. அவனுக்காக நீங்கள் மன்னிக்கவும் முடியாது, பழிவாங்கவும் முடியாது. கண்ணை இழந்தவனே வேண்டாம் என்ற பிறகும் நீங்கள் கை ஓங்கினால், அது உங்கள் ரோஷத்துக்காகவே தவிர அவனுக்காக அல்ல. நீங்கள் சிறைக்குப் போய்விட்டால் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக யார் இருக்கிறார்கள்? உங்களைக் கோழை என்பவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று பெயர் பெயராக எண்ணிப் பாருங்கள்.

முதல் வேலையாக, அந்தப் படங்களை அனுப்ப வேண்டாம் என்று நண்பர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆறத் தொடங்கும் கோபத்தை அவை தினமும் கிளறிவிடுகின்றன. அடித்தவன் ஜாமீன் நிபந்தனையை மீறினால் வழக்கறிஞரிடம் சொன்னால் போதும். அந்தத் தாய்க்கு நீங்கள் ஆறுதல் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அடித்தது அவர் அல்ல. அவர் வந்துபோனதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறுபடி வந்தால் பார்ப்பதா, வேண்டாமா என்பதை அவனே சொல்லட்டும்.