குளுட்டமேட் கடத்திப் புரதங்கள் மூளையில் என்ன செய்கின்றன? பாரிசவாதம் வந்தால் அவற்றுக்கு என்ன ஆகிறது?

நரம்புக்கலங்கள் செய்தி சொல்லக் கொட்டும் குளுட்டமேட் என்ற இரசாயனத்தை உடனே அள்ளுவதுதான் அவற்றின் வேலை. பாரிசவாதத்தில் அவையே அதைக் கொட்டத் தொடங்கிவிடும். இது எனக்கு விளங்கியது கிளிநொச்சியில் அப்பப்பாவின் வயலை நினைத்தபோதுதான்.

சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வரும். வாய்க்கால் நிறைந்ததும் அப்பப்பா றப்பர் குழாயை வரம்புக்கு மேலால் போட்டு, வாயால் ஒருதரம் உறிஞ்சி விடுவார். மெசின் வேண்டாம், வாய்க்கால் மட்டம் உயர்ந்திருப்பதால் தண்ணீர் தானாக வயலுக்குள் விழும். ஒருநாள் குளத்துத் துருசு (மதகு) பூட்டியதைக் கவனிக்கவில்லை. வாய்க்கால் வற்ற வற்ற, அதே குழாய் வயல் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தது. குழாயில் ஒரு பழுதும் இல்லை, மட்டம்தான் மாறியிருந்தது.

மூளையிலும் அதே கதைதான். நரம்புக்கலம் செய்தி சொல்ல விடும் குளுட்டமேட்டை வெளியே வைத்து உடைக்க நொதி கிடையாது, அள்ளித்தான் ஆகவேண்டும். பெரும்பகுதியை அள்ளுபவை அஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவத் துணைக்கலங்கள். ஒரு குளுட்டமேட்டுடன் 3 சோடியம் அயனும் 1 ஐதரசன் அயனும் உள்ளே வர, 1 பொற்றாசியம் அயன் வெளியே போகும். கலத்துக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மடங்கு செறிவு இருந்தும் இன்னும் இழுக்க முடிவது, வெளியே சோடியம் மட்டம் உயர்ந்திருப்பதால். அந்த மட்டத்தைக் காப்பது கலத்தின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துச் சோடியத்தை வெளியே தள்ளும் சோடியம்-பொற்றாசியம் பம்பி.

பாரிசவாதத்தில் மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டால் சில நிமிடங்களிலேயே ஏடிபி தீர்கிறது, பம்பி நிற்கிறது, சோடியம் மட்டம் சரிகிறது. அப்புறம் கடத்திகள் தலைகீழாக ஓடும். வெளியே பெருகிய குளுட்டமேட், பக்கத்து நரம்புக்கலங்களுக்குள் கல்சியத்தை அளவுக்கு மிஞ்சிப் புகவிட்டு அவற்றைச் சாகடிக்கும்.

அப்பப்பாவுக்கு அன்று காலை தேத்தண்ணீர் கடைவாயால் வழிந்தது. வெயில் களைப்பென்று நினைத்துப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பின்னேரமாகிவிட்டது. அவருடைய வலது கை பிறகு மண்வெட்டி பிடிக்கவே இல்லை.

நரம்புக்கலங்களில் குளுட்டமேட்டைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் எலிகளில் பலன் தந்தும், பாரிசவாதம் வந்த மனிதருக்குக் கைகொடுக்கவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, ஆனால் வழமையாக அதை 4.5 மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். ஆகவே வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆள் கடைசியாக நல்லாயிருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.