செம்மீன்: கடனை மறந்த படம்

அன்புள்ள ஐயா,

சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'செம்மீன்' நாவலை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் படம் பார்த்தேன். கடலும் பாட்டும் அழகுதான். ஆனால் நாவல் தந்த பதைப்பு வரவேயில்லை. எங்கள் பாம்பனில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வத்தை (நாட்டுப் படகு) கட்டுகிறவர்கள் ஏராளம். அதனால்தான் எனக்கு மட்டும் இப்படித் தோன்றுகிறதா?

வாசகர், பாம்பன்

அன்புள்ள நண்பருக்கு,

அதனால்தான் தோன்றுகிறது, சரியாகவே தோன்றுகிறது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவல் 1956இல் வந்தது. ராமு காரியாட்டின் படம் 1965இல் வந்து குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றது. கதையைப் படம் அதிகம் மாற்றவில்லை. பாரத்தை இடம் மாற்றி வைத்துவிட்டது.

நாவலின் முதல் பக்கத்தை மறுபடி எடுங்கள். அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்கிறாள் மீனவப் பெண் கறுத்தம்மா. கேட்கும் இளம் மீன் வியாபாரி பரீக்குட்டிக்குச் சந்தோஷம். பணம் போதவில்லை, தருவாயா என்று உடனே கேட்டுவிடுகிறாள். விளையாட்டாகத்தான் கேட்கிறாள். ஆனால் காதலும் கடனும் அந்த ஒரே பேச்சில் பிறந்துவிடுகின்றன. பிறகு அவள் அப்பா செம்பன்குஞ்சு அவனிடம் கடன் வாங்குகிறான். வள்ளம் இறங்கி மீன் வந்ததும், கொடுத்தவன் மீன் கேட்டுப் போனால், ரொக்கம் இருக்கிறதா என்கிறான்! உங்கள் கரையில் முன்பணம் தந்தவருக்கே மீனைப் போட வேண்டும். அந்த வழக்கம் தெரிந்தவருக்கு இந்த இடம் குலை நடுங்கும். கையில் ரொக்கமில்லை, மீனுமில்லை. கொட்டகை போட்டு மீன் வாங்கி விற்பவன் பிறகு எப்படி எழுவான்? கடனைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிக் கறுத்தம்மா தாயிடம் மன்றாடுவது இதனால்தான்.

இதைத் திரையில் கொண்டுவரக் குறைந்தது நான்கு காட்சி வேண்டும்: கொடுத்த இரவு, மீன் மறுத்த கரை, திருப்பிக் கேட்ட நாள், காலியான கொட்டகை. ஒவ்வொன்றுக்கும் நேரம் தர வேண்டும். ஒன்றை அவசரமாகக் கடந்தாலும் கணக்கு விட்டுப்போகும். படத்தில் அவசரம்தான் தெரிகிறது. மன்னா டேயின் குரலில் 'மானச மைனே' வந்தபின் பரீக்குட்டி நம் மனதில் பாடும் காதலனாகவே தங்கிவிடுகிறான். முதல் இழந்த வியாபாரி மறைந்துபோகிறான். அருமையான பாட்டு, இழப்பும் அதனால்தான்.

கறுத்தம்மாவை மணந்த மீனவன் பழனியின் சாவும் அப்படியே. மனைவி தவறினால் கடலம்மை புருஷனை விழுங்குவாள் என்ற நம்பிக்கை நாவலில் உண்டு. கூடவே, கறுத்தம்மாவின் பழைய காதல் பற்றிய ஊர்ப்பேச்சுக்குப் பயந்து கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்றாமல் ஒதுக்கியதும் உண்டு. அதனால்தான் இரவில் சிறு தோணியில் தனியாகத் தூண்டிலோடு போகிறான். பெரிய சுறா மாட்டினால் ஒருவர் கயிற்றை விட்டுப்பிடிக்க, இன்னொருவர் துடுப்புப் போட வேண்டும். இரண்டாவது ஆள் இல்லை. அந்த ஆளைப் பறித்தது ஊர். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அலை பிரம்மாண்டமாக எழும்போது நமக்குக் கடலின் கோபம் மட்டுமே தெரிகிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். செம்பன்குஞ்சாக வரும் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயரின் முகத்தில் வள்ளத்தின் மீதான ஆசையும் கடன் கணக்கும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. மறுபடி பார்ப்பதானால் அவரைப் பின்தொடர்ந்து பாருங்கள்.