குடும்பத்தோடு பார்க்கலாமா?

கேள்வி: இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 'சலோ' பல நாடுகள் தடை செய்த படம். போன இதழில் அதைப் பெரிய கலைப்படைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. பார்க்கவும் கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் படம் கண்ணில் படுகிற இடத்திலேயே இருக்கக் கூடாது. சரி, உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் 'குடும்பத்தோடு' என்று ஒரு சொல்லைப் போட்டீர்களே, அதை நான் லேசில் விடப்போவதில்லை.

சின்ன வயதில் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்குப் பாட்டிதான் எங்களைக் கூட்டிப் போவாள். திரையில் நாயகனும் நாயகியும் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், "டேய், போய் முறுக்கு வாங்கிட்டு வா" என்று காசை நீட்டுவாள். முத்தமெல்லாம் அந்தப் படங்களில் ஏது, இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும், அதற்கும் முறுக்குதான். மழைப் பாட்டு வந்தால் ஆளுக்கு இரண்டு. இடைவேளைக்குள் பாட்டியின் மடி முறுக்கால் நிறைந்துவிடும். புதுப் படம் வந்தால் எத்தனை காதல் பாட்டு என்று கேட்டுக்கொண்டுதான் முறுக்குக்காரர் மாவே பிசைவார் என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வில்லன் நாயகனின் தங்கையைத் துரத்திப் பிடித்துச் சேலையை இழுக்கிற காட்சிக்கு ஒரு நாளும் எங்களை முறுக்குக்கு அனுப்பியதில்லை. அவ்வளவு பேரும் பார்த்தோம், தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. அந்த விசிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

'சலோ'வில் விசிலடிக்க ஓர் இடம் கிடையாது. பசோலினி வேண்டுமென்றே அப்படி எடுத்தார். உடம்பைக் காட்டிக் கிளர்ச்சியூட்டும் படம் என்று நினைத்துப் போனவன் பத்தாவது நிமிடத்தில் தலையைக் குனிந்துகொள்வான். பிரெஞ்சு எழுத்தாளர் சாத் 1785இல் பாஸ்தீய் சிறையில் 12 மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதிய கதையை எடுத்து, 1944இன் வட இத்தாலியில் வைத்தார். சலோ என்பது கார்டா ஏரிக்கரை ஊர். 1943இல் ஜெர்மன்காரர்கள் பாசிச சர்வாதிகாரி முசோலினியை மீட்டு வந்து ஒரு பொம்மை அரசை அமைத்தார்களே, அது அந்த ஊர்ப் பெயரால்தான் அறியப்படுகிறது. படத்தில் ஒரு பிரபு, ஒரு பிஷப், ஒரு நீதிபதி, ஒரு தலைவர் என்று நாலு பேர், இளம் வயதினர் பதினெட்டுப் பேரைப் பிடித்து வந்து ஒரு மாளிகையில் அடைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். எல்லாம் சட்டப்படி, ஏட்டில் விதி எழுதி வைத்துக்கொண்டு! அதற்கு முன் அவர்கள் செய்கிற காரியம் என்ன தெரியுமா? ஒருவர் மகளை இன்னொருவர் கட்டிக்கொள்கிறார்கள். படமே குடும்ப சம்பந்தத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பசோலினியின் குடும்பத்தையும் சொல்கிறேன். அப்பா ராணுவ அதிகாரி, பாசிசத்தை நம்பியவர். தம்பி குய்தோ பாசிசத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிப் போனவன், 1945இல் இன்னொரு போராளிக் குழுவான கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டான். வயது பத்தொன்பது. அப்படியும் அண்ணன் தன்னைக் கம்யூனிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொண்டார். அம்மா சுசன்னாவை 1964இல் தன் இயேசு படத்தில் வயதான மரியாளாக நடிக்க வைத்தார். சிலுவையடியில் அந்த அம்மாள் துடிக்கிறதை என்னால் நடிப்பு என்று பார்க்க முடியவில்லை. 1975 நவம்பர் 2ஆம் தேதி ஒஸ்தியா கடற்கரைப் பக்கம் பசோலினியையும் அடித்துக் கொன்று போட்டுவிட்டார்கள். 'சலோ' பாரிஸில் முதலில் திரையிடப்பட்டபோது எடுத்தவர் செத்து மூன்று வாரம். இப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த மனிதரிடம் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி எடு என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிற அந்த மலம் தின்கிற காட்சி. எடுத்தது சாக்லேட்டிலும் ஆரஞ்சு மார்மலேடிலும்தான். ஆலைகள் எதைத் தயாரித்தாலும் மறுபேச்சில்லாமல் விழுங்குகிற ஜனங்களைத்தான் அதில் காட்டினேன் என்றார் பசோலினி. முறுக்குக்காரர் போய், வாளி அளவு பொட்டலத்தில் சோளப்பொரியை ஒரு குடும்பத்தின் அரைநாள் கூலிக்கு விற்கிற தியேட்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

தடைக்கு வருவோம். இத்தாலியில் 1976 ஜனவரியில் வெளியான சில நாளில் பறிமுதல். பிரிட்டன் தணிக்கை வாரியம் அதே ஆண்டு சான்றிதழ் மறுத்தது. 1977இல் லண்டன் சோஹோவில் ஒரு கிளப் அரங்கில் ஓட்டியபோது போலீஸ் நுழைந்தது. அங்கே முழுப் படத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது 2000இல். ஆஸ்திரேலியா 1976இல் தடுத்தது, 1993இல் விட்டது, 1998இல் மறுபடி தடுத்தது, 2010இல் படத்தைப் பற்றிய ஆவணப்படங்களும் சேர்ந்த டிவிடியாக வெளியிடலாம் என்றது. படம் அதே படம்தானே! வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று எத்தனை கண்டிப்பாகப் போட்டாலும் நான் கூடவே நிற்பேன். தடை என்றால் எதிரே நிற்பேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிடலாம் என்றேன். கமிட்டியில் ஒருவர்கூடப் படத்தைப் பார்த்திருக்கவில்லை, ஆபாசம் என்று ஒரே குரலில் தள்ளினார்கள். அடுத்த மாதம் அதே அரங்கில் தலைகள் உருளுகிற ஒரு போர்ப் படம், முன்வரிசையில் குழந்தைகள், கைதட்டல். அன்றோடு நான் விலகினேன்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது கடைசிக் காட்சியை. முற்றத்தில் கொலை நடக்கிறது. மாளிகைக்காரர்கள் முறைவைத்து நாற்காலியில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கிறார்கள், நமக்கு அலறல் கேட்பதில்லை. அறைக்குள்ளே காவலுக்கு நிற்கும் இரண்டு பையன்கள் ரேடியோவைத் திருப்பி, பாட்டுக்குத் தட்டுத்தடுமாறி ஆடிப் பார்க்கிறார்கள். "உன் காதலி பேர் என்ன?" என்கிறான் ஒருவன். "மார்கரீத்தா." படம் முடிந்தது. சண்டை ஓய்ந்ததும் அந்தப் பையன் ஊருக்குப் போவான், மார்கரீத்தாவைக் கட்டிக்கொள்வான், பிள்ளைகள் பிறக்கும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சினிமாவுக்கும் போவான்.